விரத வீட்டில் மீட் லோஃப்

மார்ச் 5, விபூதிப் புதன்

இந்த வருடம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதப் போகிறேன். கான்வென்டில் மதர் கிளாரிஸிடம் பதினோரு வருடம் குட்டு வாங்கிக் கற்ற ஆங்கிலத்தைக் கைவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. என் மருமகள் ஜெனிட்டா ஆங்கிலம் வேகமாகப் படிப்பாள். பள்ளியில் இந்தி எடுத்தவள், தமிழ்க் கையெழுத்து அவளுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி. சில நாட்களாக நான் சமையலறைக்குள் நுழைந்தால் அவளும் வேலைக்காரி செல்லாயியும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே தமிழ்.

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டோம். ஜெனிட்டா முகம் வெளிறிப்போய் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டாள்.

மகன் கிளமென்ட் போன் செய்தான். அவனுக்குக் கத்தார் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை. இரண்டு மாதம் அங்கே, ஒரு மாதம் திருச்சியில். ஈஸ்டருக்கு முந்தின நாள் வருகிறான்.

“கம்பெனி டாக்டர் கொழுப்பு ஜாஸ்தின்னு சொல்லிட்டாரும்மா. இந்த ஈஸ்டருக்கு உங்க மீட் லோஃப் எனக்குக் கிடையாதா?”

“உண்டு. கொழுப்புக்குத்தான் இடம் கிடையாது” என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆனால் முப்பத்தெட்டு ஈஸ்டராக நான் செய்வது கொத்துக்கறியில் பன்றிக்கொழுப்பு சேர்த்து, ரொட்டி போல் அச்சில் சுடும் லோஃப். அவன் அப்பா உயிரோடு இருந்தவரை, அவரோடு வேலை பார்த்த ரயில்வே அதிகாரிகள் அதற்காகவே எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கொழுப்பில்லாத கறியில் அது நிற்குமா என்பதை முன்கூட்டியே செய்து பார்த்துவிட வேண்டும். தவக்காலம் நாற்பது நாளும் இந்த வீட்டில் சுத்தபோசனம், யாரும் கறி தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை விதிவிலக்கு என்று சொல்பவர்கள் அவரவர் வீட்டில் சொல்லிக்கொள்ளட்டும். செய்வதில் பாவமில்லை. தின்பதில்தான்.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் ஜெனிட்டா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுக்கு நாள் தள்ளியிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

முதல் லோஃப். முக்கால் கிலோ தொடைக்கறி, ஷேக் கடையில் என் கண்முன்னால் கொழுப்பை எடுத்துவிட்டுக் கொத்தியது. துருவிய கேரட், பொடியாக நறுக்கிய பீன்ஸ், வெங்காயம், பாலில் ஊறிய ரொட்டி, இரண்டு முட்டை, மிளகு. தகர அச்சில் வெண்ணெய்க் காகிதம் விரித்து ஓவனில் ஒரு மணி நேரம். வெளியே எடுத்தபோது நடுவில் பிளந்திருந்தது. அடியில் தண்ணீர்.

ருசி பார்க்க ஆள் வேண்டுமே. செல்லாயியைக் கூப்பிட்டேன். புடவைத் தலைப்பை விலக்கிக் கழுத்தில் விரதத்துக்குக் கட்டிய மஞ்சள் கயிற்றைக் காட்டினாள்.

“சமயபுரத்தா பச்சைப்பட்டினி கெடக்குறாம்மா. நாலு வாரத்துக்கு நான் கவுச்சிய மோந்துகூடப் பாக்கக் கூடாது. நீங்க வேற நடு வீட்ல வச்சு வேக விடுறீங்க.”

மாடியில் குடியிருக்கும் பேங்க் அதிகாரி இதாயத்துல்லாவுக்கு ரமலான் நோன்பு. ஆனால் அவர் மாலையில் நோன்பு திறந்ததும் சாப்பிடலாம். பன்னிரண்டு துண்டு போட்டு, தினமும் மாலை இரண்டு துண்டு மேலே கொண்டுபோய்க் கொடுக்கும்படி செல்லாயியிடம் சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்

இதாயத்துல்லா படியில் பார்த்து “அருமை மேடம்” என்றார். பிளந்த லோஃபை அருமை என்பவரை நம்புவதற்கில்லை.

மார்ச் 14, வெள்ளி

காலையில் டப்பாவைத் திறந்தேன். இரண்டு துண்டு. கணக்குப்படி அதுதான் மிஞ்ச வேண்டும். ஆனால் படியில் இதாயத்துல்லா, “தினமும் ஒண்ணு, அதுவே தாராளம் மேடம்” என்றார்.

அவருக்குப் போனது ஐந்து. மற்ற ஐந்து எங்கே?

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாவது லோஃப். கேரட்டை அப்படியே போடப் போனேன். பின்னால் நின்ற ஜெனிட்டா, “துணியில போட்டுப் பிழிஞ்சிருங்க அத்தை. போன தடவை உள்ள சொதசொதன்னு இருந்துச்சு” என்றாள்.

“உள்ளே எப்படி இருந்ததென்று உனக்கு எப்படித் தெரியும்?”

“டப்பால எடுத்து வைக்கும்போது கைல பட்டுச்சு.”

எடுத்து வைத்தது செல்லாயி. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

கேரட்டைப் பிழிந்தேன். முக்கால் டம்ளர் தண்ணீர் வந்தது. லோஃப் பிளக்கவில்லை. அந்த யோசனையை நான் பாராட்டவில்லை. பாராட்டினால் எப்படித் தெரிந்தது என்ற கேள்வி அடங்கிப்போகும்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

மதியம் ஜெனிட்டா கொல்லைப்புறத்தில் தூத்துக்குடியிலிருக்கும் தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. ஜன்னல் திறந்திருந்தது. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்:

“இந்தத் தடவை நல்லா பிடிச்சிருக்காம்மா. இடமும் சரியான இடம்னு சொன்னாங்க... மூணு மாசம் கழியட்டும்... இல்லம்மா, அத்தைகிட்ட மூச்சு விட்டுறாத... அவரும் சரின்னுட்டாரு, ஈஸ்டர் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போயிருவாரு.”

எனக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. இடம் பார்த்திருக்கிறாள். பிடித்திருக்கிறது. மூன்று மாதத்தில் அந்த வீடு காலியாகும். என் மகனைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம். ‘இந்தத் தடவை’ என்றால் முன்பும் பார்த்திருக்கிறாள்.

மார்ச் 21, வெள்ளி

தையல்காரியிடம் போவதாக ஜெனிட்டா ஆட்டோ பிடித்தாள். கூடவே செல்லாயி. துணி எதுவும் கையில் இல்லை. ஒரு பெரிய கவர் மட்டும் இருந்தது. வீட்டுப் பத்திரமாக இருக்கும்.

திரும்பி வந்ததும், “ப்ளவுஸ் அளவு சரியா இருந்ததா?” என்றேன்.

“எல்லாம் சரியா இருக்குன்னாங்க அத்தை” என்று சிரித்தாள். பொய் சொல்லிவிட்டு இவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

மூன்றாவது லோஃப். தக்காளி சாஸ், வெல்லம், வினிகர், கடுகுத்தூள் குழைத்துப் பளபளப்பு வருவதற்காக ஆரம்பத்திலேயே மேலே பூசினேன். வெல்லம் தீய்ந்து கருகிவிட்டது. கடைசிக் கால் மணியில்தான் பூச வேண்டும் போலிருக்கிறது. தையல் நாடாவால் அளந்தேன், ஒன்பது அங்குலம். துண்டு போடாமல் முழுதாகவே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, நானே வெட்டி இதாயத்துல்லாவுக்கு அனுப்புகிறேன்.

மார்ச் 26, புதன்

நான் வெட்டியது போக ஆறரை அங்குலம் இருக்க வேண்டும். நாலேமுக்கால் இருக்கிறது. வெட்டிய முனை நேராக, சுத்தமாக இருக்கிறது. செல்லாயிக்கு இவ்வளவு நேராக வெட்ட வராது.

மார்ச் 28, வெள்ளி

இருவரையும் கூப்பிட்டு, ஃப்ரிட்ஜில் இருக்கும் கறியைத் தின்பது யார் என்று நேராகவே கேட்டேன். ஜெனிட்டா வாயைத் திறப்பதற்குள் செல்லாயி முந்திக்கொண்டாள்.

“நான்தாம்மா தின்னேன். நாக்கு ஊறிருச்சு.”

“கழுத்தில் கயிற்றோடா?”

“ஆமா, கயித்தோடதான். ஆத்தா என்னைய என்ன பண்ணணுமோ பண்ணிக்கட்டும்.”

கண்ணைப் பார்த்தே சொன்னாள். சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு, காலில் செருப்பில்லாமல் இந்த வெயிலில் நடந்து வருகிறவள், மோந்துகூடப் பார்க்கமாட்டேன் என்றவள், தன் விரதத்தின் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறாள். யாருக்காக? அடுத்த மாதத்தோடு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜெனிட்டா அழுதாள். அழட்டும். தவக்காலத்தில் கறி தின்றுவிட்டு இன்னொருத்தி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவளுக்கு அழுகை நல்லதுதான்.

கிளமென்ட் வந்ததும் சாப்பாட்டு மேஜையில் வைத்து எல்லாவற்றையும் கேட்பேன். துண்டுகள், ஆட்டோ, போன் பேச்சு, தேதியோடு.

ஏப்ரல் 4, வெள்ளி

எங்கள் ஃப்ரிட்ஜ் பழையது, பூட்டு உண்டு. காலையிலேயே பூட்டிச் சாவியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். கருவாட்டுப் பானையை அடுப்படிப் பூனையிடமிருந்து காப்பதைப் போல என் வீட்டில் என் ஃப்ரிட்ஜைக் காக்கும் நிலை.

மாலை சிலுவைப்பாதைக்குக் கிளம்புகிறேன்.

ஏப்ரல் 5, சனி

நேற்று கோவிலிலிருந்து திரும்பியபோது மணி ஏழு. ஜெனிட்டா சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. செல்லாயி அவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் செல்லாயி எழுந்து வந்தாள். பன்னிரண்டு வருடத்தில் என்னெதிரே அவள் குரல் உயர்ந்ததில்லை.

“சாவியக் குடுங்கம்மா. பாலு, முட்டை, கறி, எல்லாத்தையும் உள்ள வச்சுப் பூட்டிட்டு நீங்க பாட்டுக்குக் கோயிலுக்குப் போயிட்டீங்க. அந்தப் புள்ள ரெண்டு உசுருக்குத் திங்கிது. ரத்தம் கம்மியா இருக்கு, கறி, முட்டை தவறாமத் தின்னுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு. போன தடவை மாதிரி ஆயிரக் கூடாதுன்னு பயந்து பயந்து சாவுது. ஒங்ககிட்ட ஏன் சொல்லலன்னு ஒங்களுக்கே தெரியும்.”

சாவியைக் கொடுத்தேன்.

எனக்குத் தெரியும் என்பது ஜெனிட்டாவுக்குத் தெரிய வேண்டாம் என்று செல்லாயியிடம் சொன்னேன். அவள் வேலையை விட வேண்டியதில்லை என்றும் சொன்னேன். “அத நான் அப்பவே கணக்குல எடுத்துக்கல” என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

‘நல்லா பிடிச்சிருக்கு.’ ‘சரியான இடம்.’ ‘மூணு மாசம் கழியட்டும்.’

வயிற்றில் தங்கியதை வாடகை வீடு என்று படித்திருக்கிறேன். மதர் கிளாரிஸ்கூட இந்தத் தமிழுக்கு எனக்குப் பூஜ்யம்தான் போட்டிருப்பார்.

ஏப்ரல் 9, புதன்

நான்காவது லோஃப். வெங்காயத்தை வதக்கி ஆறவைத்தேன். கறியோடு கொஞ்சம் ஓட்ஸ் சேர்த்தேன். பூச்சு கடைசிக் கால் மணியில், இரண்டு முறை. கண்ணாடி மாதிரி வந்தது. அச்சிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் ஆறிய பிறகே வெட்டினேன். துண்டு உதிரவில்லை. டப்பாவை ஃப்ரிட்ஜின் முன்வரிசையில் வைத்தேன். பூட்டவில்லை. அளக்கவும் இல்லை.

இருந்தாலும் மாலையில் திறந்து பார்த்தேன். மூன்று துண்டு குறைந்திருந்தது. ஜெனிட்டா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பூட்டாததில் ஏதோ சூது இருப்பதாக நினைக்கிறாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

இந்த நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். மையால் எழுதியதை அடிப்பது எனக்குப் பிடிக்காது. ஆகவே இங்கே திருத்துகிறேன்.

போன வருடம் பெரிய புதன்கிழமை காலை, நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஜெனிட்டா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “அத்தை, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு” என்றாள்.

நான் தலை நிமிரவில்லை. “வெயிலுக்குத் தள்ளும். வெள்ளிக்கிழமை ஒருசந்திக்கு அது சாக்கு ஆகாது” என்றேன்.

வெள்ளிக்கிழமை ஒருசந்தி என்று ஒருவேளைக் கஞ்சியோடு, வெறுங்காலோடு, தெருவில் சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலங்களும் என் பின்னால் நடந்தாள். சனிக்கிழமை ஆஸ்பத்திரி.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, முதல் மாதங்களில் இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பிறகு ஒரு நாள் போன் செய்தும் கேட்டேன்.

பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுப்பவளுக்கும் நோயாளிக்கும் ஒருசந்தி கட்டாயமில்லை. இது எட்டாம் வகுப்பு ஞானோபதேசப் பாடம். அதில் நான் முதல் பரிசு வாங்கினேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஜெனிட்டாவைக் கோவிலுக்குக் கூப்பிடவில்லை. “வெயில் அதிகம், வீட்டில் இரு” என்று மட்டும் சொன்னேன். அவள் செல்லாயியைப் பார்த்தாள், செல்லாயி விட்டத்தைப் பார்த்தாள்.

திரும்பி வந்து பார்த்தேன். முட்டை இரண்டு குறைந்திருந்தது. நேற்று புதிதாக வைத்த கறித் துண்டுகள் அப்படியே இருந்தன. பெரிய வெள்ளியன்று அவளாகவே கறியைத் தொடவில்லை.

ஏப்ரல் 19, சனி

கிளமென்ட் வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். என்னிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள். புதன்கிழமை தூத்துக்குடிக்கு இரண்டு டிக்கெட் மேஜை மேல் கிடந்தது. திரும்பி வருவதற்கு ஒரே ஒரு டிக்கெட்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு, மாலை நாலு மணி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு லோஃபில் இரண்டாம் பூச்சு பூசிக்கொண்டிருந்தேன். ஜெனிட்டா உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். நான் பிரஷ்ஷை வைக்காமலே சொன்னேன்:

“போன வருடம் புதன்கிழமை நீ சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. சரியாகவே விழுந்தது.”

மசிப்பதை நிறுத்தினாள். “தெரியும் அத்தை.”

“இந்தத் தடவை உண்டாகியிருப்பதும் தெரியும்.”

“அதுவும் தெரியும். செல்லாயியக்காவுக்குப் பொய் சொல்ல வராது.” மறுபடி மசிக்கத் தொடங்கி, “அவருகிட்ட அந்தப் புதன்கிழமையைப் பத்தி நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்க பயப்பட வேண்டாம்” என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வருடமாக என் மானத்தைத் தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்திருக்கிறாள், நான் அவள் தின்ற கறியை நாடா வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் முதல் துண்டைக் கிளமென்ட் வாயில் வைத்தான். “கொழுப்பே இல்லையா? நம்பவே முடியலம்மா!” என்றான். அவன் விழுங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சொன்னேன். கீரை, வெயில், சாக்கு, ஒருசந்தி. ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

அவன் முள்கரண்டியை வைத்தான். “நீ சொன்னியா, ஜெனி? அம்மாகிட்ட முன்னாடியே சொன்னியா?”

அவள் ஆமென்று தலையை அசைத்தாள்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா உங்களுக்கு அம்மா இருக்க மாட்டாங்க.”

அவன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். கதவை அறையவில்லை. அவன் அப்பாவும் அப்படித்தான், கோபம் அதிகமானால் சத்தம் குறையும்.

நானும் எழப் போனேன். ஜெனிட்டா, “உக்காருங்க அத்தை. அவருக்கு ரெண்டு துண்டு மூடி வைங்க. பசியோட வருவாரு” என்றாள்.

மூடி வைத்தேன்.

ஆறு மணி

வந்துவிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெனிட்டாவிடம், நான் கேட்கும்படியாகவே, “இங்க இருக்கியா, போறியா? உன் இஷ்டம்” என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “போறேன் அத்தை. கோபத்துல இல்ல. எனக்கு இங்க பயமா இருக்கு. பிள்ளை பிறக்கிற வரைக்கும் அம்மா வீட்ல இருக்கேன்.”

“அது நியாயம்” என்றேன்.

பிறகு இன்னொன்றும் கேட்டேன். கேட்பதற்கு முன்னால் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. “நான் அங்கே வந்து உன்னைப் பார்க்கலாமா?”

அவள் யோசித்தாள். அவசரப்படவில்லை. “அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றாள்.

ஏப்ரல் 23, புதன்

போய்விட்டார்கள். கிளமென்ட் ஸ்டேஷனில், “மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்குங்க” என்றான். அது மட்டும்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எந்தச் செய்தியும் இல்லை. கிளமென்ட்டும் இன்னும் திரும்பவில்லை. போன் வேலை செய்கிறதா என்று பார்க்க இதாயத்துல்லாவைக் கூப்பிடச் சொன்னேன். வேலை செய்கிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலை பத்தேகாலுக்கு ஜெனிட்டாவின் அம்மா பேசினார்கள். ஜெனிட்டா நன்றாக இருக்கிறாளாம், மூன்று வேளையும் சாப்பிடுகிறாளாம். நான் வருவதைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், பிறகு சொல்கிறார்களாம். என் உடம்பைப் பற்றிக்கூட விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். எதற்காக அவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள் என்று தெரியவில்லை.

என் பழைய தோல் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன்.

“கூப்ட்டுட்டாங்களாம்மா?” என்றாள் செல்லாயி.

“இல்லை. தூசி தட்டி வைப்பதில் தப்பில்லை” என்றேன்.